வேகாத பச்சை

பெமிலா டூட்டி முடிந்து வீட்டுக்குள் நுழைந்தபோது அடுக்களையில் நகைகள் வெந்துகொண்டிருந்தன.

அது அந்த வீட்டு வழக்கம். கல்யாணமோ நிச்சயமோ ஞானஸ்நானமோ, எது வந்தாலும் அதற்கு முந்தின வாரம் மாமியார் நேசம்மாள் வீட்டுப் பெண்களின் பொன்னையெல்லாம் வாரிச் சேர்ப்பாள். அலுமினியச் சட்டியில் பூந்திக்கொட்டையை உடைத்துப் போட்டு, தண்ணீர் ஊற்றி, நகைகளை அதில் தள்ளி அடுப்பை எரியவிடுவாள். நுரை பொங்கும், அழுக்கு மிதக்கும், பிறகு பழைய பல்பிரஷ்ஷால் ஒரு தேய்ப்பு. கடையில் கொடுத்தால் பொன்னைச் சுரண்டிவிடுவான் என்று அவளுக்குப் பயம். இந்த முறை காரணம் மகள் ஷீஜா. அவளுக்கு வருகிற சனிக்கிழமை நிச்சயம். மாப்பிள்ளை வீடு திற்பரப்பு. அங்கிருந்து வேன் பிடித்து வரப்போகும் பெண்கள் முதலில் கழுத்தையும் காதையும்தான் பார்ப்பார்கள், முகத்தை அப்புறம் பார்த்துக்கொள்வார்கள்.

கைப்பையைக்கூட இறக்கி வைக்காமல் பெமிலா சட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். செயின்கள், வளையல்கள், மாமியாரின் பச்சைக்கல் கம்மல். நுரை விலகியபோது அவளுடைய மோதிரமும் தெரிந்தது.

ஆஸ்பத்திரியில் நர்ஸ்கள் மோதிரம் போடக்கூடாது. அதனால் அலமாரியில் கழற்றி வைத்துவிட்டுப் போவாள். அலமாரிச் சாவி எங்கே தொங்கும் என்று மாமியாருக்குத் தெரியும். மருமகளின் அலமாரி என்று அந்த வீட்டில் தனியாக ஒன்று இருந்ததே இல்லை.

"மாமி, எனக்க மோதிரத்தையுமா போட்டீங்க?"

"எல்லாத்தையும்தான் போட்டேன். அது மட்டும் என்ன, ராணிக்க கிரீடமா?"

"அத வெந்நீருல போடப்பிடாதுன்னு கல்யாணம் முடிஞ்சு வந்த அன்னைக்கே சொன்னேனே மாமி."

"எனக்க கம்மல் முப்பது வருசமா இந்தச் சட்டியிலதான் வேவுது. ஒரு நிறமாத்தம் உண்டா? நீயே பாத்துச் சொல்லு."

பெமிலா கரண்டியால் மோதிரத்தைத் தூக்கிக் குழாயடியில் பிடிக்கப்போனாள். பச்சைத்தண்ணீர் பட்டால் இன்னும் விரிசல் விடும் என்று உறைத்ததும் கையை இழுத்துக்கொண்டாள். சேலைத் தலைப்பில் துடைத்து வெளிச்சத்தில் பார்த்தாள். காலையில் ஆழமாக, கொஞ்சம் நீலம் கலந்து நின்ற பச்சை போய்விட்டது. காய்ந்த பாகற்காய்த் துண்டு மாதிரி வெளிறி, உள்ளே நரைமுடிபோல வெடிப்பு இழை இழையாக ஓடிக் கிடந்தது.

அந்தக் கல் அவளுடைய அப்பா சாம்பியாவிலிருந்து கொண்டுவந்தது. குமாரதாஸ் சார் என்று சொன்னால் ஊரில் யாருக்கும் தெரியாது, 'சாம்பியா சார்' என்றால் தெரியும். கிட்வே என்ற ஊரில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக்கொடுத்தவர். அந்த ஊருக்குத் தெற்கே மரகதச் சுரங்கங்கள். அவரிடம் படித்த பையன் ஒருவனின் குடும்பம் சுரங்கத்தில் வேலை செய்தது. அவர்கள் மூலமாக, சரியான சீட்டோடு, ஒரு கல் வாங்கினார். கறுத்த பாறையும் வெளுத்த பாறையும் முட்டிக்கொள்கிற இடத்தில்தான் இந்தப் பச்சை பிறக்கும், தனியாக எந்தப் பாறைக்கும் இதைப் பெறத் தெரியாது என்று சொல்வார். கல்யாணத்துக்கு முந்தின நாள் அதை மோதிரமாக்கி அவள் விரலில் போட்டுவிட்டு, "உள்ளுக்குள்ள வெடிப்புள்ள கல்லு மக்கா, வெந்நீரு காட்டாத" என்றார். மறுவருஷம் போய்ச் சேர்ந்தார்.

"அய்யய்ய, இது என்னத்த?" நேசம்மாள் அவள் கையிலிருந்து மோதிரத்தைப் பிடுங்கிப் பார்த்தாள். ஒரு நொடி அவள் முகம் மாறியது. தான் செய்த காரியம் அவளுக்குப் புரிந்துவிட்டது. பெமிலா அதைக் கண்ணால் கண்டாள், பின்னால் யார் என்ன சொன்னாலும் அந்த ஒரு நொடியை அவளால் மறக்க முடியவில்லை. அடுத்த நொடியே மாமியார் தலையை நிமிர்த்திக்கொண்டாள்.

"இது கண்ணாடியாக்கும். நல்ல கல்லு வெந்தா வெளுக்குமா? ஒனக்க அப்பாவ அந்தக் காப்பிரி நாட்டுல எவனோ பறஞ்சு ஏமாத்தியிருக்கான். இல்லன்னா அவரு எங்களப் பத்திச்சிட்டாரு."

"மாமி, செத்துப்போன மனுசன அப்பிடிப் பேசாதீங்க."

"நான் எனக்க கண்ணு கண்டதத்தான் பேசுதேன். இஞ்ச பாரு." சட்டியிலிருந்து தன் கம்மலை எடுத்து அவள் முகத்துக்கு நேரே ஆட்டினாள். சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வடிய, கிளிப்பச்சையில் அது மின்னியது. "எனக்கு மூத்தவன் ஜெனித் பிறந்தப்ப இவரு பம்பாயில இருந்து கொண்டுவந்த மரகதம். பரலோகத்துல சிம்மாசனத்தச் சுத்தி இருக்கப்பட்ட வானவில்லுக்க நிறமாக்கும் இது. இதுல ஒரு கீறல் காட்டு பாப்போம்."

சாப்பாட்டு மேசையில் சாயா குடித்துக்கொண்டிருந்த மாமனார் யோவான், கிளாசைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து புறவாசலுக்குப் போனார். சண்டை வந்தால் அவர் அப்படித்தான். நல்ல மனுஷன், யாருடைய வம்புக்கும் போகமாட்டார் என்று ஊரெல்லாம் பெயர். வம்புக்குப் போகாதவர்களால் எத்தனை வம்பு நடக்கிறது என்று பெமிலா அதுவரை யோசித்ததில்லை.

மோதிரம் கெட்டுப்போனதுகூடப் பெமிலாவுக்கு இரண்டாவது. ஒரு வார்த்தை, 'தெரியாமப் போட்டுட்டேன் பிள்ளே' என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் அதோடு விட்டிருப்பாள். அதைச் சொல்ல வாய் வராமல், குழிக்குள் கிடக்கிற அப்பாவைக் கள்ளனாக்கினார்களே, அதுதான் ஆறவில்லை.

விடுப்பு கிடைத்த நாள் பஸ் ஏறிக் கோட்டாற்றுக்குப் போனாள். நகைக்கடைகள் தோளோடு தோள் இடித்து நிற்கும் தெருவில், ஒரு துணிக்கடையின் மாடியில் கல் சோதித்துச் சொல்லும் இடம் இருந்தது. ஜெய்ப்பூரில் போய்ப் படித்துவிட்டு வந்த அபிதா என்ற பெண்தான் அதை நடத்துகிறாள். மோதிரத்தை மைக்ராஸ்கோப்புக்கு அடியில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தாள். தலையைத் தூக்காமலே கேட்டாள்.

"யாரு அக்கா இத வேவ வெச்சது?"

அந்த ஒரு கேள்வியில் பெமிலாவின் அப்பா பிழைத்தார்.

"ஒரிஜினல் மரகதம்தான். ஆப்பிரிக்காக் கல்லு. உள்ள கறுப்பு கறுப்பா தகடு கிடக்கு, பாருங்க" என்று அபிதா இடம் விட்டாள். "மரகதம்னா உள்ள வெடிப்பு இருக்கும். வெடிப்பே இல்லாத மரகதத்தக் கொண்டுவந்தாதான் நாங்க சந்தேகப்படுவோம். பட்டை தீட்டின உடனே அந்த வெடிப்புல எண்ணெய் ஏத்திருவாங்க, அப்பதான் பச்சை நெறஞ்சு நிக்கும். நீங்க சோப்பு வெள்ளத்துல கொதிக்கப் போட்டதுல எண்ணெய் எறங்கிப்போச்சு. நிறம் எங்கயும் போவல்ல. மறஞ்சு கிடந்த வெடிப்பு வெளிய தெரியுது, அவ்வளவுதான். விட்டுட்டுப் போனீங்கன்னா எண்ணெய் ஏத்தித் தாறேன்."

"வேண்டாம். இப்பிடியே கொண்டுபோயிக் காட்டணும்."

எழுந்தவள் மறுபடி உட்கார்ந்தாள். கேட்கலாமா வேண்டாமா என்று ஒரு தடுமாற்றம். கேட்டேவிட்டாள். "முப்பது வருசமா வேவவெச்சும் ஒரு கீறலும் விழாத மரகதம் இருக்குமா?"

அபிதா சிரித்தாள். "பச்சையா இருக்கும். மரகதமா இருக்காது. அனேகமா கண்ணாடிதான்."

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வரும்போது அந்தச் செய்தி அவள் மடியில் கிடந்து கனத்தது. கோபத்தில் முதலில் தோன்றியது, வீட்டு வாசலிலேயே நின்று அதைக் கூவிச் சொல்லிவிட வேண்டும் என்றுதான். தக்கலை தாண்டுவதற்குள் மனம் இளகிவிட்டது. நேசம்மாளுக்கு வாழ்க்கையில் பெருமை பேச என்ன இருக்கிறது? புருஷன் பம்பாயிலிருந்து திரும்பி வந்ததோடு சம்பாத்தியத்தை நிறுத்திக்கொண்டார். ரப்பர் தோட்டத்தைப் பார்த்து, ஆடு வளர்த்து, இரண்டு பிள்ளைகளைக் கரையேற்றியவள் அவள். அந்தக் கம்மலைக் காதில் போட்டுக்கொண்டு சபையில் போய் முன்வரிசையில் உட்காருவதுதான் அவளுக்குக் கிடைத்த ஒரே சுகம். அதில் மண்ணைப் போட வேண்டாம், என் கல் நல்ல கல் என்று தெரிந்தால் போதும் என்று முடிவு செய்தாள்.

வீட்டில் வந்து சொன்னாள். ஒரிஜினல் என்று சொன்னாள், வெந்நீரால் எண்ணெய் இறங்கியது என்று சொன்னாள், கம்மலைப் பற்றி மூச்சு விடவில்லை. ஷீஜா, "அப்ப நல்லதுதானே மைனி" என்றாள், கண்ணைப் போனிலிருந்து எடுக்காமல். யோவான் இருமினார். நேசம்மாள் முருங்கைக்கீரையை உருவிக்கொண்டே, "ம்ம்" என்றாள். அந்த 'ம்ம்' தான் மன்னிப்பு என்று பெமிலா எடுத்துக்கொண்டாள். எவ்வளவு பெரிய மடத்தனம் அது என்று வியாழக்கிழமை தெரிந்தது.

புதன்கிழமைதோறும் பெண்கள் கூடுகிற ஜெபக்கூட்டம் அந்த வாரம் தேவகனி வீட்டில் நடந்தது. தேவகனி சபையில் பெரிய ஆள். அவள் அறியாமல் அவர்கள் ஊரான கருங்கலில் ஒரு கோழிகூட முட்டையிடாது. அந்தக் கூட்டத்தில் ஒரு வசதி உண்டு. யாரைப் பற்றியும் எதையும் சொல்லலாம், முன்னால் 'ஜெப விண்ணப்பம்' என்று ஒரு வார்த்தை வைத்துவிட்டால் அது புறணி ஆகாது. மறுநாள் காலையில் அடுத்த வீட்டு ரெஜிலா டூட்டிக்குப் போகும் பெமிலாவைப் பஸ் ஸ்டாப்பில் பிடித்து நிறுத்தினாள்.

"பெமி, நீ கோவப்படாத. ஒனக்க மாமி நேத்து ஒரு ஜெப விண்ணப்பம் வெச்சா."

"என்ன வெச்சா?"

"மருமவளுக்க கல்லு ஒரிஜினல்தான்னு கோட்டாத்துல பறஞ்சாச்சு. ஒரிஜினல் கல்லு சும்மா வெளுக்காது. மவன் குவைத்துல கிடந்து கஷ்டப்படுதான், இவ நைட் டூட்டி நைட் டூட்டின்னு போறா, எல்லாரும் பாரத்தோட ஜெபிக்கணும்னு சொன்னா. தேவகனியக்கா ஒனக்க பேரச் சொல்லியே சத்தமா ஜெபிச்சாங்க. எல்லாரும் ஆமென் சொன்னாங்க." ரெஜிலா தலையைக் குனிந்தாள். "நானும்தான் சொன்னேன் பெமி. வாயி சொல்லிட்டு."

பிறகு போனை எடுத்துக் காட்டினாள். எவனோ ஒரு ஜோசியன், கழுத்து நிறைய மாலையும் விரல் நிறைய மோதிரமுமாக உட்கார்ந்து பேசும் வீடியோ. மரகதம் புதனின் கல்லாம். வாக்குக்கும் புத்திக்கும் அதிபதியாம். உத்தமியின் கையில் அது நாளுக்கு நாள் பச்சை ஏறுமாம். நிறம் மங்கினால், போட்டிருப்பவள் வாக்குத் தவறிவிட்டாள், தாலி கட்டியவனுக்குத் துரோகம் செய்துவிட்டாள் என்று அர்த்தமாம். யாரோ அனுப்பி ஷீஜாவுக்கு வந்து, ஷீஜா அம்மாவுக்கு அனுப்பி, அம்மா ஜெபக்கூட்டம் முழுக்க அனுப்பியிருக்கிறாள். ராசிபலன் போட்ட காலண்டரை வீட்டுச் சுவரில் மாட்டவிடாத நேசம்மாளுக்கு, மருமகளை அடிக்க வேண்டும் என்று வந்ததும் புதன் பகவானும் வேண்டியவராகிவிட்டார்.

பெமிலா அன்று ஆஸ்பத்திரியில் எத்தனை பேருக்கு ஊசி போட்டாள், யாருக்கு என்ன மாத்திரை கொடுத்தாள் என்பதெல்லாம் கை செய்த வேலை. மனம் ஒரே இடத்தில் நின்றது. கண்ணாடி என்றார்கள், கள்ளனின் மகள் ஆனாள். நல்ல கல் என்று நிரூபித்தாள், வேசி ஆனாள். இந்த வீட்டில் உண்மையை நிரூபித்ததற்குக் கிடைத்த கூலி அது.

சாயங்காலம் வீட்டில் குடும்ப ஜெபம் முடிந்தவுடன் குவைத்திலிருக்கும் பெமிலாவின் புருஷன் ஜெனித்துக்குப் போன் போடுவது வழக்கம். ஸ்பீக்கரில் போட்டு மேசை நடுவில் வைப்பார்கள், எல்லாரும் சுற்றி உட்கார்ந்து பேசுவார்கள். நிச்சயத்துக்குச் சமையலுக்கு ஆள் பிடித்தாயிற்றா, பந்தல்காரன் வந்தானா என்று ஜெனித் கேட்டான். பிறகு குரலைத் தாழ்த்தினான். ஸ்பீக்கரில் குரலைத் தாழ்த்தி என்ன பயன்?

"பெமி, அம்மா ஒரு வீடியோ அனுப்பினா. நான் அதையெல்லாம் நம்பல்ல, கேட்டியா. ஆனாலும்... ஒண்ணும் இல்லியே?"

"என்ன ஒண்ணும் இல்லியே?"

"இல்ல, சும்மா கேட்டேன். உண்மையச் சொன்னா நான் ஒண்ணும் பறய மாட்டேன்."

பெமிலா போனைத் தன் பக்கம் இழுத்தாள். "நம்பல்லன்னா எதுக்குக் கேக்குதீங்க? நம்பினா நேராக் கேளுங்க. ஒனக்கு ஆளு உண்டா பெமின்னு கேளுங்க. ஒங்க அம்மா ஊர் முழுக்கக் கேட்டாச்சு, நீங்க மட்டும் எதுக்கு வெக்கப்படுதீங்க?"

"மைனி, அண்ணனுக்க கிட்ட இப்பிடியா பேசுவாங்க?" என்றாள் ஷீஜா.

"நீ பேசாத ஷீஜா. வீடியோ அனுப்பின கையி ஒனக்கது."

நேசம்மாள் மேசையைத் தட்டினாள். "என்னத்துக்கு இப்பிடி துள்ளுதா? மடியில கனம் இல்லன்னா எதுக்கு இந்தச் சாட்டம்? நான் இல்லாததச் சொல்லல்ல. ஒனக்க கல்லு வெளுத்துச்சா இல்லியா? எனக்க கல்லு ஏன் வெளுக்கல்ல?" காதைத் தொட்டுக் காட்டினாள். "முப்பது வருசம். இவரு பம்பாயில, நான் இஞ்ச தனியாட்டு, கைப்பிள்ளயோட. நான் உண்மையா இருந்தேன். அதனால அதும் உண்மையா இருக்கு. அவ்வளவுதான் கணக்கு."

அதுவரை பெமிலா அடக்கிவைத்திருந்த இரக்கம் அந்த இடத்தில் செத்தது.

"கழத்துங்க மாமி."

"என்னத்த?"

"கம்மல. நாளைக்கு நம்ம ரெண்டு பேரும் கோட்டாத்துக்குப் போவோம். அந்தப் பிள்ளைக்க முன்னால எனக்க மோதிரத்தையும் ஒங்க கம்மலையும் சேர்த்து வெப்போம். அவ என்ன சொல்லுதாளோ அதத் தேவகனியக்கா வீட்டுல வந்து நானே விண்ணப்பமா வெக்கியேன்."

"போவோமே! எனக்கென்ன பயம்?" நேசம்மாள் அப்போதே வலக்காதில் கையைக் கொண்டுபோய்த் திருகாணியைச் சுழற்றினாள். ஒரு கம்மலை மேசையில் வைத்தாள். இடக்காதுக்குக் கை போனது.

"வேண்டாம் நேசம்."

யோவான்தான். சுவரைப் பார்த்துச் சொன்னார்.

"என்ன வேண்டாம்?"

"கோட்டாத்துக்கு ஒண்ணும் போவ வேண்டாம். காதுல போடு."

"ஏன் போவ வேண்டாம்? ஊரு தெரியட்டும்."

யோவான் துண்டால் வாயைத் துடைத்தார், கழுத்தைத் துடைத்தார், மறுபடி வாயைத் துடைத்தார். நேசம்மாளின் கை இடக்காதிலேயே நின்றுவிட்டது. முப்பது வருஷமாக ஒருவரோடு குடித்தனம் நடத்தினவளுக்கு அவர் துண்டு போகிற போக்கு தெரியும்.

"இது என்ன கல்லு?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"நீ பிள்ளை பெத்துக் கிடந்த. வெறுங்கையோட வர ஒரு மாதிரி இருந்துது. தாதர் ஸ்டேஷனுக்கு வெளிய ஒருத்தன் துணி விரிச்சு வித்திட்டு இருந்தான்." அவர் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "நீதான் மரகதமான்னு கேட்ட. ஆமான்னு சொல்லிட்டேன். பிறவு எப்பிடி மாத்திச் சொல்ல?"

போனில் ஜெனித், "ஹலோ? ஹலோ? என்ன, சத்தம் இல்ல?" என்றான்.

ஜெயித்துவிட்டோம் என்ற நிறைவு வரும் என்று பெமிலா நினைத்திருந்தாள். வரவில்லை. வந்தது இன்னும் பெரிய கோபம், அதுவும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டு. மாமியாருக்காவது தெரியாது. இந்த மனுஷனுக்கு எல்லாம் தெரியும்.

"மாமா, எனக்க அப்பாவக் கள்ளன்னு சொன்னப்ப நீங்க அந்த மேசையிலதான் சாயா குடிச்சிட்டு இருந்தீங்க. நல்ல கல்லு வெளுக்காதுன்னு மாமி அந்தக் கம்மல ஆட்டிக் காட்டினப்ப, அது கண்ணாடின்னு இந்த வீட்டுல தெரிஞ்ச ஒரே ஆளு நீங்க. எழும்பி வெளிய போனீங்க. என்ன வேசின்னு ஊரு முழுக்கச் சொன்னாச்சு, அப்பவும் வாயத் திறக்கல்ல. இப்ப ஒங்க குட்டு ஒடையப் போவுதுன்ன உடனே 'வேண்டாம் நேசம்'. நல்லா இருக்கு மாமா ஒங்க நல்ல மனசு!"

யோவான் தலையைத் தூக்கவில்லை. ஷீஜா அழ ஆரம்பித்தாள், எதற்கென்று அவளுக்கே தெரிந்திருக்காது.

"பெமி, விடு, பெரிசாக்காத. சனிக்கிழம நிச்சயம் இருக்கு" என்றான் ஜெனித்.

"நீங்க எங்கிட்ட கேட்ட கேள்விய ஒங்க அப்பாகிட்ட ஒருக்கா கேளுங்க. உண்மையச் சொன்னா ஒண்ணும் பறய மாட்டேன்னு சொல்லிட்டுக் கேளுங்க" என்று சொல்லிப் போனை அணைத்தாள்.

அவள் அறைக்குப் போகத் திரும்பியபோது நேசம்மாள் கூப்பிட்டாள். ஒரு காதில் கம்மல் இருந்தது, மற்றக் காது மூளியாக இருந்தது. மேசையில் கிடந்ததைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"ஏட்டி, ஒனக்க கல்லுக்கு எண்ணெ போட்டா பழயபடி ஆவும்னியே. நெசமா?"

"ஆவும்."

"எனக்கதுக்கு என்ன செய்யணும்?"

ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று பெமிலாவுக்குத் தோன்றாமலில்லை, ஆனால் ரெஜிலா சொல்லிக் கேட்ட அந்த ஆமென்கள் அவள் காதில் இன்னும் நின்றன. கதவைச் சாத்திக்கொண்டாள்.

அதற்குப் பிறகு நிச்சயம் வரை அந்த வீட்டில் வேலைதான் பேசியது. தேங்காய் வந்தது, வாழைக்குலை வந்தது, பந்தல் ஏறியது. நேசம்மாள் புருஷனுக்குச் சோறு போட்டு வைத்தாள், எதிரே உட்காரவில்லை. பெமிலாவிடமும் மன்னிப்பு என்று எதுவும் கேட்கவில்லை. மோதிரத்துக்கு எண்ணெய் ஏற்றப் பெமிலா கோட்டாற்றுக்குப் போகவில்லை. போயிருந்தால் யாரும் எதுவும் கேட்டிருக்க மாட்டார்கள், எல்லாம் பூசி மெழுகியாகிவிட்டது என்று எல்லாருக்கும் நிம்மதியாக இருந்திருக்கும். அந்த நிம்மதியை யாருக்கும் கொடுக்க அவளுக்கு மனமில்லை.

சனிக்கிழமை அவள் வெளிறின கல்லோடுதான் பந்தலுக்கு வந்தாள். இழை இழையாக வெடிப்பு தெரிகிற மோதிரத்தை விரலில் போட்டு, அந்தக் கையாலேயே எல்லாருக்கும் சந்தனமும் பன்னீரும் நீட்டினாள். பார்த்தவர்கள் கல்லைப் பார்த்தார்கள், பிறகு அவளைப் பார்த்தார்கள், பிறகு பக்கத்தில் இருப்பவளின் காதுக்குப் போனார்கள்.

உபதேசியார் ஜெபித்து, மோதிரம் மாற்றி, இலை போட்டார்கள். திற்பரப்புப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்த இடத்தில், மாப்பிள்ளையின் சித்திக்குப் பக்கத்தில் தேவகனி இருந்தாள். அப்பளம் வைக்கக் குனிந்த பெமிலாவின் கையை அவள் பிடித்துக்கொண்டாள். குரலில் தேன் வடிந்தது.

"மோளே, கல்லு இன்னும் வெளுத்துத்தான் கிடக்கு, இல்லியா? நீ ஒண்ணும் வெசனப்படாத. நாங்க ஒனக்காட்டு விடாம ஜெபிச்சிட்டு இருக்கோம்."

மாப்பிள்ளையின் சித்தி, "என்ன? எதுக்கு ஜெபம்?" என்று எட்டிப் பார்த்தாள்.

இந்தப் பந்தலே தலைகீழானாலும் சரி, ஷீஜாவின் நிச்சயம் முறிந்தாலும் சரி என்று பெமிலா வாயைத் திறந்தாள். அதற்குள் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"அத நான்தான் வேவ வெச்சேன்."

லட்டுத் தாம்பாளத்தோடு நேசம்மாள் நின்றாள். பட்டுச் சேலை, கழுத்தில் செயின், கை நிறைய வளையல். மகளின் நிச்சயத்தில் இரண்டு காதும் வெறுமையாக இருந்தன. அடுத்த இரண்டு வரிசைக்கும் கேட்கிற குரலில்தான் பேசினாள்.

"பூந்திக்கொட்டை வெள்ளத்துல கொதிக்கப் போட்டேன். போடாதீங்க மாமின்னு அவ சொல்லியும் கேக்கல்ல. அவக்க அப்பா குடுத்தது நல்ல கல்லு. நல்ல கல்லா இருக்கப் போயித்தான் வெந்துபோச்சு. நான் சபையில வெச்ச விண்ணப்பம் பொய்யாக்கும் தேவகனி. ஜெபிச்சது போதும். கைய விடு, அவ அப்பளம் வெக்கட்டு."

தேவகனி கையை விட்டாள். ஆனால் அவளால் வாயை விட முடியுமா? நேசம்மாளின் காதைப் பார்த்துவிட்டாள்.

"அப்பம் ஒனக்க பச்சைக்கல் கம்மல் எங்க நேசம்? அதும் வெளுத்துப்போச்சா?"

நேசம்மாள் பந்தலின் அந்தப் பக்கம் பார்த்தாள். யோவான் வெள்ளைச் சட்டையும் வெள்ளை வேட்டியுமாக, ஊர் மெச்சுகிற அந்தச் சிரிப்போடு சம்பந்தியாருக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"இல்ல. அது எத்தன வருசம் வேவவெச்சாலும் வேவாது. அதான் கழத்திப் போட்டேன்" என்று அவருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டு, தேவகனியின் இலையில் ஒரு லட்டை வைத்து அடுத்த இலைக்கு நகர்ந்தாள்.